காலடியில் உள்ள கற்றோரணங்கள்

கீரிமலைக்கு முதன்முதலாக வரும் வெளியூர் அன்பர்கள் பலர், கேணியில் நீராடிக் கரையேறி, நாற்புறமும் நோக்கி, "மலை எங்கே?" என்று வினவுவதுண்டு. வினவுபவர்மீது குற்றமில்லை. பெயரிலே மலையை வைத்துக்கொண்டு, ஊரிலே மலையை வையாதவர்கள் நாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. ஆகவே, பாலைநிலத்தில் கற்றோரணங்களையும் மலையிடுக்குகளையும் காணக் கால்நடையாகச் செல்லுதல் பற்றி யாழ்ப்பாணத்தான் ஒருவன் எழுதப் புகுந்தால், படிப்பவர் நகைக்கவுங் கூடும். ஆயினும், அத்தகைய பயணம் ஒன்றை நம் வீட்டுப் படலையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் துணிபு.

இந்த எண்ணத்தை என்னுள் விதைத்தவன் என் தமக்கையாரின் மகன். உயர்தர வகுப்பில் புவியியல் பயில்பவன். ஒருநாள் மாலை, அமெரிக்காவிலுள்ள பாலைநிலப் பூங்கா ஒன்றின் படங்களை எனக்குக் காட்டினான். செக்கச் சிவந்த பாறைகள். அவற்றின் நடுவே வானத்தைச் சட்டமிட்டுக் காட்டும் பெருந்தோரணங்கள். எறும்புபோல் அவற்றின்கீழ் நடந்து செல்லும் மனிதர். படங்களைப் பார்த்து முடித்தபின் ஒரு பெருமூச்சுடன், "மாமா, எங்கட இடத்தில இப்படி ஒண்டுமே இல்லையே!" என்றான்.

அவன் காட்டிய இடம் யூட்டா மாநிலத்தில் உள்ள 'ஆர்ச்சஸ்' தேசியப் பூங்கா. 1929ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமாக அறிவிக்கப்பெற்று, 1971ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பெற்றது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இயற்கைத் தோரணங்கள் அங்கே எண்ணப்பட்டுள்ளன. அவற்றுள் மிக நீண்டது ஏறக்குறைய 300 அடி அகலத்தை ஒரே தாவாகத் தாவி நிற்கிறது. அவ்வளவு நீளமான கல், நடுவிலே ஒரு தூணுமின்றி அந்தரத்தில் நிற்பதைப் படத்திற் கண்டாலும் நெஞ்சு ஒருகணம் நின்றுவிடும்.

இத்தோரணங்களைச் செதுக்கியது காற்றே என்று பலரும் எண்ணுவர். காற்றுக்கும் அதிற் பங்குண்டு. எனினும் உளி பிடித்த தலைமைச் சிற்பி நீரேயாகும். அந்நிலத்தின் அடியில் ஒரு காலத்துக் கடல் விட்டுச்சென்ற உப்புப் படுக்கை கிடக்கிறது. மேலிருந்த மணற்கல்லின் சுமை தாங்காது உப்புப் படுக்கை இடம்பெயர, மணற்கல் வெடித்து நெடுஞ்சுவர்கள் போலப் பிளந்தது. வெடிப்புகளில் இறங்கிய மழைநீர், மணலை மணலோடு ஒட்டிவைத்திருந்த பசையைக் கரைத்தது. குளிர்காலத்தில் அந்நீர் பனிக்கட்டியாகி விரிந்து கல்லை நெம்பியது. துண்டு துண்டாக உதிர்ந்து, சுவரிலே துளை விழுந்து, துளை தோரணமாயிற்று. ஆண்டில் ஏறக்குறைய பத்து அங்குல மழையே பெய்யும் நாட்டில் நீர் செய்த வேலை இது. வேலை இன்னும் நிற்கவில்லை. 1991ஆம் ஆண்டில் அந்தப் பெருந்தோரணத்தினின்றும் பெரிய பாறைத் துண்டொன்று பிரிந்து வீழ்ந்தது. 2008ஆம் ஆண்டில் வேறொரு தோரணம் ஓரிரவில் முற்றாக இடிந்து போயிற்று.

திருப்பதிக்கு யாத்திரை போய்வந்த நம்மவர் திருமலையில் உள்ள சிலாதோரணத்தைக் கண்டிருப்பர். அதுவும் மனிதக் கை படாத இயற்கைத் தோரணமே. அவ்வாறு கண்ணுக்குத் தெரியும் கற்றோரணம் நம் குடாநாட்டில் இல்லை என்பது மெய்தான். ஆனால் நீரும் காற்றும் இங்கே சும்மா இருந்துவிட்டனவா? இதனைக் காட்ட எண்ணி, மருமகனையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு, ஒரு நாள் மணலிலும் மற்றொரு நாள் கல்லிலும் நடப்பதென்று தீர்மானித்தேன்.

மணல் நடையை ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை விடியலில் வல்லிபுரத்திலே தொடங்கினோம். பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, வல்லிபுர ஆழ்வார் கோயிலின் பின்னால் மணல் தொடங்குகிறது. புரட்டாதி மாதத்துக் கடல் தீர்த்தத்தன்று பல்லாயிரம் அடியார்கள் ஆழ்வாரோடு இம்மணலைக் கடந்து கடற்கரைக்கு நடப்பர். நாங்கள் சென்ற அன்றோ எங்கள் மூவரையும், சில காகங்களையும் தவிர அங்கே எவரும் இல்லை. இம்மணலின் கீழ் பழைய ஊரொன்றின் தடயங்கள் கிடக்கின்றன. வசப மன்னன் காலத்தது எனக் கொள்ளப்படும் பொன்னேடு ஒன்று 1936ஆம் ஆண்டில் இப்பகுதியிலேதான் கிடைத்தது. ஊர்கள் வரும், போகும். மணல் எல்லாவற்றையும் ஒரே அமைதியோடு போர்த்துவிடுகிறது.

தென்கிழக்கே செல்லச் செல்ல மணல் மேடுகள் உயர்கின்றன. இவற்றைக் கும்பி என்பது நம் ஊர் வழக்கு. சில கும்பிகள் வடலிகளின் கழுத்துவரை ஏறி நிற்கின்றன. வாடையும் கொண்டலும் கடற்கரை மணலை அள்ளிவந்து குவிக்கின்றன. சோளகம் வந்ததும் மறுபுறமாக வாரி இறைத்து மேட்டின் உருவை மாற்றுகிறது. சென்ற ஆண்டு கண்ட மேட்டை இந்த ஆண்டு அதே கோலத்திற் காணமுடியாது. மணலின் மேல் காற்று வரைந்த வரிகளைக் கண்ட என் மகள், மா இடியப்ப உரலிலிருந்து இறங்கியதுபோல் இருக்கிறது என்றாள். அதைக் காட்டிலும் பொருத்தமான உவமை எனக்கும் தோன்றவில்லை.

காற்றின் இந்த விளையாட்டுக்கு ஓர் அளவு வைத்திருப்பவை சில எளிய செடிகொடிகள். கடலுக்கு மிக அண்மையில் அடம்பன் கொடி ஊதாப் பூக்களோடு படர்ந்து கிடக்கிறது. அதற்குச் சற்று மேலே, தொட்டால் குத்தும் இராவணன் மீசை. அதன்பின் தாழை, எருக்கு, ஈச்சம் பற்றை, பனை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழியைப் பாடசாலையில் ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்லுகிறோம். அதன் நேரான பொருளை இங்கே காணலாம். தனிக்கொடியை ஒரு சிறுவன் இழுத்துப் பிடுங்கிவிடுவான். ஆயிரம் கொடிகள் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பின்னியபோதோ பறக்கின்ற மணலும் ஓடமாட்டாமல் நின்றுவிடுகிறது.

மணற்காட்டை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. அங்கே பழைய புனித அந்தோனியார் ஆலயத்தின் முருகைக்கற் சுவர்கள் மணலில் புதையுண்டு நிற்கின்றன. கூரை இல்லை, தளம் எங்கே என்றும் தெரியாது. அருகிலுள்ள சேமக்காலையில் சிலுவைகள் மணலினின்றும் எட்டிப் பார்க்கின்றன. சவுக்கு மரங்களின் நிழலில் அமர்ந்து, கொண்டுபோன பொரிவிளாங்காயையும் பனங்கட்டித் துண்டுகளையும் உண்டோம். பொரிவிளாங்காயைக் கடிக்க நல்ல பல்லும், கடித்ததை விழுங்க நல்ல தண்ணீரும் வேண்டும். கொண்டுபோன தண்ணீர் அதற்குள் தீர்ந்துவிட்டது.

அவ்வழியே வலையைத் தோளிற் போட்டுக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் எங்கள் நிலையைக் கண்டு, "தம்பியவை எங்கையிருந்து வாறியள்? பிள்ளையளுக்குத் தண்ணி வேணுமோ?" என்று கேட்டார். வேண்டும் என்றதும், கும்பியின் சரிவிலே ஓரிடத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். அங்கே மணலை அகழ்ந்து அமைத்த ஆழமற்ற நீர்க்குழி ஒன்று இருந்தது. இதனைப் பூவல் என்பர். அவர் சிரட்டையால் மொண்டு கொடுத்த நீரை மருமகன் ஐயத்தோடு நாவில் வைத்தான். அடுத்த கணம் சிரட்டையை வெறுமையாக்கினான். கடலின் இரைச்சல் காதில் விழும் இடம். தண்ணீரோ இளநீர்போல் இனித்தது.

"இவ்வளவு கிட்டக் கடல் இருக்க, உப்பு ஏன் வரேல்லை ஐயா?" என்று அவன் கேட்டான்.

"கும்பி நிண்டால் தண்ணி நிக்கும் தம்பி. கும்பி போனால் கடல் வந்து கிணத்துக்க இருந்திடும்" என்றார் அவர். பின்னர் உள்நாட்டுப் பக்கம் கையை நீட்டினார். அங்கே ஒரு கும்பியின் பாதி, கத்தியால் அரிந்த பலாப்பழம்போல் நேராக வெட்டப்பட்டிருந்தது. உழவு இயந்திரச் சக்கரத் தடங்கள் அதன் அடிவரை போய்த் திரும்பியிருந்தன. இரவிலே மணல் ஏற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, மேலே ஒன்றும் சொல்லாது நடந்தார்.

முதியவர் இரண்டு வரியில் சொன்ன உண்மையை மேல்நாட்டு அறிஞர் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாகக் கணக்கிட்டுக் கூறினர். ஒருவர் ஒல்லாந்தர், மற்றவர் ஜெர்மானியர். மழைநீர் மணலில் இறங்கி உப்பைக் கழுவி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரைவிட இலேசானது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் தாங்கி நிற்கும். இது மகிழ்ச்சி தரும் கணக்கு. ஆனால் இதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போய்விடும். அவ்விடத்தை உவர்நீர் நிரப்பும். கும்பியை வெட்டுபவன் ஏற்றிச் செல்வது மணலை மட்டுமன்று.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, பின்னர் அதனைப் பெருங்கோட்டையாக எழுப்பிய ஒல்லாந்தரின் சொந்த நாடு, கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த நிலம் மிகுந்தது. கரையோர மணல் மேடுகளே அந்நாட்டின் அரண். அவற்றில் புல் நட்டு, அடி பெயராமற் காக்கின்றனர். ஆம்ஸ்ரர்டாம் நகரத்தார் 1853ஆம் ஆண்டு முதல் அம்மணல் மேடுகளிலிருந்தே குடிநீர் பெற்றுவருகின்றனர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது, உயர்ந்த மணல் மேடுகள் குலையாது நின்ற இடங்களில் அலையின் வேகம் தணிந்ததை இலங்கையின் கரைகளிலும் ஆய்வாளர் கண்டனர். வடமராட்சி கிழக்கு மக்கள் அன்று இழந்த உயிர்களை எண்ணும்போது, எஞ்சிய ஒவ்வொரு கும்பியும் ஓர் ஊர்க்காவலனாகவே கண்ணுக்குத் தோன்றுகிறது.

மணலின் கதை இவ்வாறாக, கல்லின் கதையைக் காண அடுத்த வாரம் வலிகாமத்துக்குச் சென்றோம். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய கல் இது. நம் மழையோ ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது அங்குலம். அதாவது அந்த அமெரிக்கப் பாலைக்குக் கிடைப்பதைப்போல் ஐந்து மடங்கு. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடுகிறது. அந்த மழை வானிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் வெடிப்புகளிற் புகுந்து கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு குழாயாகிறது, குழாய் குகையாகிறது, குகையின் மேற்கூரை வளைந்து நிற்கிறது. அந்த வளைந்த கூரை தோரணம் அல்லாமல் வேறென்ன?

தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலிக் கடலேரியிற் சேரும் வழுக்கையாறு ஒன்றே நம் ஆறு. அதுவும் மாரியில் மட்டும் ஆறு. கோடையில் மாடு மேயும் தரவை. மற்ற நீரெல்லாம் நிலத்தின் கீழேயே நடக்கிறது. ஆகவே அமெரிக்காவில் மேலே நிற்கும் தோரணங்கள் நமக்குக் கீழே அமைந்துவிட்டன. அங்கே மனிதர் தோரணத்தின் கீழ் நடக்கின்றனர். நாம் தோரணத்தின் மேல் நடக்கிறோம், வீடு கட்டுகிறோம், வெங்காயம் நடுகிறோம்.

கூரை இடிந்து வாய் திறந்த இடங்களில் மட்டுமே இந்த மறைவுலகம் நமக்குக் காட்சி தருகிறது. புத்தூர் வீதியில் நவக்கிரியிலுள்ள நிலாவரை அத்தகையது. வானர சேனையின் தாகம் தீர்க்க இராமபிரான் அம்பு ஊன்றிய இடம் என்பது ஐதிகம். அடிகாண முடியாதது என்று முன்னோர் சொன்ன அக்கேணியில், மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. மணற்காட்டிற் கண்ட அதே கணக்குத்தான். இங்கே அது கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. நிலாவரையில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். எலுமிச்சம்பழத்துக்கு நான் சாட்சியல்லேன். ஆனால் உள்நாட்டில் இறங்கிய மழை நிலத்தடி வழிகளால் நடந்து கடலோரம் வந்து வெளிப்படுகிறது என்பதற்குக் கீரிமலைக் கேணியே சாட்சி. ஒரு முழம் தள்ளிக் கடல் கரிக்கிறது. கேணியிலோ நன்னீர் ஊறுகிறது. நகுல முனிவர் கீரிமுகம் நீங்கியதும், மாருதப்புரவீகவல்லி குதிரைமுகம் நீங்கியதும் இந்நீரின் மகிமையால் என்று போற்றிய முன்னோர், நீரைத் தெய்வமாக்கிக் காக்கும் வழியை அறிந்திருந்தனர்.

நடந்து நடந்து காங்கேசன்துறைப் பக்கம் வந்தபோது மருமகன் கேட்ட மலையிடுக்கும் ஒருவாறு கிடைத்தது. 1950ஆம் ஆண்டளவிலிருந்து 1990 வரை சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பெருங்குழிகள் அவை. யூட்டாவில் இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளிற் செய்ததை மனிதர் இங்கே நாற்பது ஆண்டுகளிற் செய்து முடித்துவிட்டனர். அக்குழியின் விளிம்பில் நின்றபோது அவன் பெருமூச்சு விடவில்லை. "இந்தக் கல்லுக்குள்ளாலதானே மாமா எங்கட கிணத்துக்குத் தண்ணி வருது?" என்று மட்டும் கேட்டான்.

அதுவே கேட்கவேண்டிய கேள்வி. கல்லின் ஊடே நீர் வேகமாகச் செல்லுமானால், நாம் நிலத்தில் இடுவதும் அதே வேகத்திற் செல்லும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு கடந்து நிற்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்தில் மிகையாக இட்ட உரமும், மலக்குழிக் கசிவும் அதற்குக் காரணம். மணல் நீரைச் சல்லடைபோல் வடித்துத் தரும். குகையோ கொடுத்ததைக் கொடுத்தபடியே கொண்டுபோய்ச் சேர்க்கும். மின்பொறி கொண்டு அளவின்றி இறைத்தால், நாற்பதுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கு நம்மிடம் வட்டியோடு அறவிட்டுக்கொள்ளும்.

பழந்தமிழர் பாலைக்கெனத் தனி நிலம் ஒன்றை ஒதுக்கவில்லை. காடும் மலையும் மழை வறண்டு தம் இயல்பு கெட்டபோது அடையும் கோலமே பாலை என்றனர். இந்தக் கருத்தின் கூர்மையை நான் மணற்காட்டுப் பூவலின் அருகேதான் உணர்ந்தேன். வெண்மணல் சூழ்ந்த அவ்விடம் பார்வைக்குப் பாலை. உள்ளே நல்ல நீர் நிறைந்த நிலம். பச்சைப்பசேலென்ற நம் தோட்டங்கள் பார்வைக்கு மருதம். உள்ளே நீர் கெடுமாயின் அவையே பாலை.

யூட்டாவில் புகழ்பெற்ற தோரணங்களின் மேல் எவரும் ஏறலாகாது என்று விதி உண்டு. நாமோ தோரணங்களின் மேலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இறங்கிப் போக வேறிடம் இல்லை. நம் பகுதியிலும் தேசியப் பூங்கா இல்லாமல் இல்லை. வடமராட்சி கிழக்கின் கரையோரமாகவே தெற்கே சென்றால், 1938ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாகி 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவான சுண்டிக்குளம் வரும். பூநாரைகள் கூட்டமாக இறங்கும் அந்நீர்ப்பரப்புக்குச் சட்டத்தின் காவல் உண்டு. ஆனால் நிலத்தின் அடியிலுள்ள குகைக்கும், ஊரோரத்துக் கும்பிக்கும் வேலி போடுதல் எளிதன்று. அங்கே குடியிருப்பவரின் அறிவே வேலி.

ஆகவே, அன்பர்களே, மாணவச் செல்வங்களே, அடுத்த விடுமுறையில் ஒரு நாளை இந்த நடைக்கு ஒதுக்குங்கள். தை, மாசி மாதங்கள் உகந்தவை. விடியுமுன் புறப்படுங்கள்; குடிநீர் நிறையக் கொண்டுசெல்லுங்கள். தலைக்குத் துணியும், காலுக்கு நல்ல செருப்பும் வேண்டும். அடம்பன் கொடியை மிதித்தாலும் பிடுங்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தினுள் நுழையாதீர்கள். வழியிற் காணும் முதியவர்களிடம் கிணறுகளின் கதையைக் கேளுங்கள். எந்தக் கிணறு எந்த ஆண்டில் உவரானது என்பதை எழுதி வையுங்கள். பாடநூலில் இல்லாத பாடம் அது.

நாளைக் காலை முதல் வாளி நீரை அள்ளும்போது, அது எந்தக் கற்கூரையின் கீழ் எவ்வளவு தூரம் நடந்து நம் கிணற்றுக்கு வந்திருக்கும் என்று வீட்டுப் பிள்ளைகளோடு ஒருகணம் பேசுங்கள். அள்ளிய நீரில் ஒரு செம்பு குறைத்துச் செலவிட அந்தப் பேச்சே போதும்.